ஐஸ் பேக்கை உள்ளே வை தோழி!

இந்த வாரம் உங்க தபால் மூட்டையில இருந்து ஒரே ஒரு கடிதம்தான். வழக்கமா வர்ற முகப்பரு, முடி கொட்டுறது எல்லாம் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கட்டும்.

எழுதினது கிழக்குத் தாம்பரம் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற செகண்ட் இயர் தோழி. அவங்க ரூம்மேட்டுக்கு ஊர் நீலகிரியில பந்தலூர் பக்கம், பணியர் பழங்குடியைச் சேர்ந்த பொண்ணு. வகுப்புல ஃபர்ஸ்ட் மார்க். ஆனா மாசத்துல நாலு நாள் எழுந்திருக்கவே மாட்டா. போன மாசம் ராத்திரி ரெண்டு மணிக்குக் கால் எலும்பு, இடுப்பு எல்லாம் உடையுற மாதிரி வலிக்குதுன்னு சுருண்டு படுத்துட்டா. நம்ம தோழி என்ன பண்ணினாங்க? மெஸ்ஸுக்கு ஓடி, ஃப்ரிட்ஜைத் திறக்கச் சொல்லி, ஐஸ் கட்டியைத் துண்டுல சுத்திக் கொண்டு வந்து முட்டியில வச்சாங்க. ஷட்டில் ஆடிக் கால் பிசகினா அதைத்தானே செய்வோம்? வலி கூடிடுச்சு. காலையில வார்டன் ரூமுக்கு வந்து, 'எக்ஸாம்னா மட்டும் இவளுக்கு வலி வந்துடும்'னு சொல்லிட்டுப் போனாங்களாம்.

அப்புறம்தான் அந்தப் பொண்ணு வாயைத் திறந்திருக்கா. அவளுக்கு சிக்கிள் செல் அனீமியா.

தோழியோட கேள்விகள் இதுதான்: 'மாத்திரை சாப்பிடுறா. ஆனாலும் இடுப்புல தினமும் ஒரு வலி இருந்துக்கிட்டே இருக்கு. யோகா, மசாஜ், சித்த வைத்தியம் ஏதாவது உதவுமா? அடுத்த ஸ்டேஷன்லயே சித்தா ஆஸ்பத்திரி இருக்கே! ஊர்ல ஒருத்தர் கஷாயம் தர்றேன், மாத்திரையை விட்டுடுன்னு சொல்றாராம். நான் என்ன சொல்லட்டும்?'

கடைசியா ஒரு கேள்வி இருக்கு. அதைக் கடைசியிலயே பார்ப்போம்.

அரிவாள் எங்கே இருந்து வந்தது?

சிக்கிள்னா அரிவாள். நம்ம ரத்தச் சிவப்பணு நடுவுல அமுங்கின உளுந்து வடை மாதிரி மெத்துன்னு இருக்கும். எவ்வளவு குறுகலான ரத்தக் குழாயிலயும் வளைஞ்சு நெளிஞ்சு போயிடும். அதுக்குள்ள இருக்கிற ஹீமோகுளோபின்ல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தா, ஆக்சிஜனை இறக்கி வச்சதும் அந்த ஹீமோகுளோபின் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு நீளமா கம்பி மாதிரி ஆயிடும். அணு அரிவாள் மாதிரி வளைஞ்சு விறைச்சுப் போகும். ஜி.எஸ்.டி. ரோட்டுல ஒரு லாரி குறுக்கே நின்னா பின்னால பல்லாவரம் வரைக்கும் என்ன ஆகும்? அதேதான். ரத்தம் போகாத எலும்பு ஆக்சிஜனுக்குத் தவிக்கும். அந்தத் தவிப்புதான் ரெண்டு மணிக்கு வந்த வலி.

சாதாரணச் சிவப்பணு 120 நாள் வாழும். இந்த அரிவாள் அணு 10-ல இருந்து 20 நாள்ல உடைஞ்சுடும். அதனால ரத்தசோகையும் கூடவே இருக்கும். இது தொத்து வியாதி இல்லை. அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் இந்த ஜீன் வந்தாதான் நோய். ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் வந்தா அது 'டிரெய்ட்'. அவங்க பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லாமலே இருப்பாங்க. சொல்லப்போனா மலேரியா அவங்களை அவ்வளவு சுலபமா சாய்க்காது. மலேரியா ஆட்டிப்படைச்ச இடங்கள்ல இந்த ஜீன் நிலைச்சு நின்னதுக்குக் காரணமே அதுதான்.

இது ஏதோ ஆப்பிரிக்கா மேட்டர்னு நினைக்காதீங்க. இந்தியாவுல இதை முதல்ல கண்டுபிடிச்சுச் சொன்ன ஆராய்ச்சிகள்ல ஒண்ணு நம்ம நீலகிரி மலைப் பழங்குடிகள்கிட்ட நடந்ததுதான். லேமன், கட்புஷ்னு ரெண்டு பேர் 1952-ல எழுதினாங்க. கூடலூர்ல ஆதிவாசி மருத்துவமனையை நடத்துற 'அஸ்வினி' அமைப்பு, பணியர், குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் மக்களுக்கு நடுவுல பல வருஷமா இந்த நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடிச்சுப் பார்த்துக்கிட்டு வருது. மத்திய அரசு 2023 ஜூலை 1-ல இதுக்குன்னே ஒரு தேசியத் திட்டம் ஆரம்பிச்சது. 40 வயசுக்குள்ள இருக்கிற 7 கோடி பேருக்கு டெஸ்ட் எடுக்கணும், 2047-க்குள்ள நோயை ஒழிக்கணும்னு இலக்கு.

ஸோ, உங்க ரூம்மேட் 'அபூர்வ கேஸ்' எல்லாம் இல்லை.

துணை வேற, மாற்று வேற

நான் சொல்ல வந்ததே இந்த ஒரு வித்தியாசத்தைத்தான். அவ சாப்பிடுற மாத்திரை அநேகமா ஹைட்ராக்சியூரியாவா இருக்கும். குழந்தையா வயித்துல இருக்கும்போது நமக்கு இருந்த ஹீமோகுளோபினை அது மறுபடி கூட்டும். அந்த வகை ஹீமோகுளோபின் அரிவாளா வளையாது. வலி தாக்குறது பாதிக்குப் பாதி குறையுதுன்னு 1995-ல அமெரிக்காவுல பெரிய ஆய்வு நிரூபிச்சுது. கஷாயக்காரர் விடச் சொல்றது இந்த மாத்திரையைத்தான். மாத்திரையோட சேர்ந்து வர்றது துணை சிகிச்சை. மாத்திரையைத் தள்ளிட்டு அந்த நாற்காலியில தான் உட்காருறது மாற்று சிகிச்சை. முதலாவதுக்கு ஓகே, ரெண்டாவதுக்கு நோ. ரெண்டுக்கும் ஒரே போர்டு மாட்டியிருக்காங்க, அதுதான் தலைவலி.

இப்போ அந்த ஐஸ். குளிர்ச்சி பட்டா ரத்தக் குழாய் சுருங்கும். பிசகின காலுக்கு அது நல்லது, வீக்கம் குறையும். ஆனா இங்கே ஏற்கெனவே டிராஃபிக் ஜாம். ரோட்டை இன்னும் குறுக்கினா? அதான் வலி கூடிச்சு. தோழி, உங்க மேல தப்பே இல்லை, யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. இனிமே ஐஸ் பேக் உள்ளேயே இருக்கட்டும். இதம்மா சூடு வைங்க. ஹாட் வாட்டர் பேக் இல்லையா? நம்ம பாட்டி முறை இருக்கே! கல் உப்பையோ தவிட்டையோ வெறும் சட்டியில வறுத்து, துணியில முடிச்சு, முதல்ல உங்க கை மணிக்கட்டுல வச்சுப் பார்த்துட்டு அவளுக்கு ஒத்தடம் கொடுங்க. கை பொறுக்குற சூடு போதும். கணுக்கால் பக்கம் புண் இருந்தா அந்த இடத்தைத் தொடாதீங்க. இந்த நோயில அங்கே புண் வர்றது உண்டு, ஆறவும் லேட்டாகும்.

ஒத்தடத்துக்கு அடுத்த மருந்து தண்ணி. உடம்புல தண்ணி குறைஞ்சா அணுவுக்குள்ள ஹீமோகுளோபின் நெருக்கமாயிடும், இன்னும் சீக்கிரமா கோத்துக்கும். மலைக்காட்டுல இருந்து நம்ம மே மாச வெயிலுக்கு வந்தவ. தாம்பரத்துல இருந்து பீச் வரைக்கும் மின்சார ரயில்ல நின்னுக்கிட்டே வந்தா நமக்கே நாக்கு வறண்டுடும். பாட்டில் எப்பவும் பையில இருக்கணும். அடுத்து சாப்பாடு இல்லாத விரதம், 'இயற்கை வைத்தியம்'னு சொல்லித் தண்ணிகூட இல்லாம உபவாசம், நீராவிக் குளியல்ல அரை மணி நேரம் வேர்த்துக் கொட்டுறது... இதெல்லாம் மத்தவங்களுக்கு எப்படியோ, இவளுக்கு வேண்டாம்.

மூணு பந்து விளையாட்டு

மூச்சுப் பயிற்சின்னு சொன்னதும் 'அட, சும்மா'ன்னு நினைப்பீங்க. கொரோனா சமயத்துல நிறைய வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா வந்துச்சே, உள்ள மூணு பந்து, உறிஞ்சினா மேல ஏறுமே? அதோட பேர் ஸ்பைரோமீட்டர். மார்பு எலும்பு, முதுகு எலும்புல வலி வந்து ஆஸ்பத்திரியில சேர்ந்த சிக்கிள் செல் நோயாளிகளை வச்சு 1995-ல ஒரு ஆய்வு பண்ணினாங்க. விழிச்சிருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை 10 மூச்சு. அதைச் செஞ்ச 19 அட்மிஷன்கள்ல ஒண்ணே ஒண்ணுலதான் நுரையீரல் சிக்கல் வந்தது. செய்யாத 19-ல 8! காரணம் சிம்பிள். நெஞ்சு வலிச்சா யாரும் ஆழமா மூச்சு இழுக்க மாட்டோம், மேலாக மேலாக விடுவோம். நுரையீரலோட அடிப்பகுதி சுருங்கிடும், ஆக்சிஜன் குறையும், அரிவாள் இன்னும் கூடும். மூணு பந்து அந்தச் சங்கிலியை அறுக்குது. சின்ன ஆய்வுதான், ஆனா செலவு? ஒரு பீட்சா விலைகூட ஆகாது.

யோகா? 2017-ல நியூயார்க்ல, வலியோட அட்மிட் ஆன பிள்ளைங்களுக்குப் படுக்கைக்கே வந்து யோகா சொல்லிக் கொடுத்துப் பார்த்தாங்க. முதல் வகுப்பு முடிஞ்சதும் வலி கொஞ்சம் குறைஞ்சுது. ஆனா ஆஸ்பத்திரியில இருந்த நாளும் குறையலை, வலி மருந்தோட அளவும் குறையலை. யோகா கொடுத்தது கொஞ்ச நேர ஆறுதல், அவ்வளவுதான். வலியில இருக்கிறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, அந்தக் கொஞ்ச நேரத்தோட மதிப்பு தெரியும். மெதுவா உடம்பை நீட்டி மடக்குறது, நிதானமா மூச்சை இழுத்து விடுறது, சவாசனம், இதுவரைக்கும் சரி. மூச்சை அடக்கி நிறுத்துற கும்பகம், வேகவேகமா ஊதுற பஸ்திரிகா இதெல்லாம் அவளுக்கு வேண்டாம்னுதான் நான் சொல்வேன். ஆக்சிஜன் குறைஞ்சா வளையுற அணுவை வச்சுக்கிட்டு ஏன் அந்த வம்பு?

அடுத்த ஸ்டேஷன் மேட்டர்

தாம்பரத்துல ஏறினா அடுத்த நிறுத்தம் சானடோரியம். 2005-ல இருந்து அங்கே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு. அதோட ஆஸ்பத்திரிக்கு அயோத்திதாச பண்டிதர் பேர். போகலாமா? தாராளமா. ஆனா என்ன கேட்கப் போறோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

சித்த மருத்துவத்துல புற மருத்துவம்னு 32 வகை சொல்லியிருக்காங்க. ஒற்றடம் அதுல ஒண்ணு. தொக்கணம்னு அழகான பேர்ல இருக்கிறது நம்ம மசாஜ். அது உதவலாம். அமெரிக்காவுல 2009-ல வந்த ஒரு ஆய்வுல, சிக்கிள் செல் இருக்கிற பிள்ளைங்களோட அம்மா அப்பாவுக்கே மசாஜ் கத்துக் கொடுத்து வீட்டுல செய்யச் சொன்னாங்க. வலியும் பதற்றமும் குறைஞ்சுதுன்னு பிள்ளைங்க சொன்னாங்க. ஆனா அதே 32-ல குருதி வாங்கல், அட்டை விடல், கொம்பு கட்டல் எல்லாமும் இருக்கு. ஏற்கெனவே ரத்தசோகை இருக்கிற பொண்ணுகிட்ட இருந்து ரத்தத்தை எடுக்கிற எந்த வைத்தியமும் கிட்டவே வரக் கூடாது. தெருமுனையில 'கப்பிங்'னு போர்டு வச்சுக் கீறி ரத்தம் எடுக்கிறாங்களே, அதுவும் இதுல சேர்த்திதான். பலமா அழுத்துற பிடியும் வேண்டாம். இடுப்பு எலும்பு ஏற்கெனவே பலவீனமா இருக்கலாம்.

உள்ளுக்குச் சாப்பிடுற மருந்துலதான் எனக்குக் கொஞ்சம் பயம். சிக்கிள் செல்லுல கிட்னி சீக்கிரம் அடிபடும். உலோகம் சேர்ந்த பஸ்பம், செந்தூரம், பொட்டலத்துல என்ன இருக்குன்னே எழுதாத பொடி... இதையெல்லாம் ரத்த நோய் டாக்டர்கிட்ட காட்டாம வாயில வைக்கக் கூடாது. ரெண்டு டாக்டருக்கும் ரெண்டு சீட்டும் தெரியணும். மறைக்காதீங்க. இன்னொண்ணு, 'ரத்தசோகைதானே'ன்னு மெடிக்கல் ஷாப்ல இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுத்துடாதீங்க. இவளுக்கு இரும்பு குறைஞ்சிருக்குன்னு டெஸ்ட் சொன்னா மட்டும்தான் அது தேவை.

'மூலிகையே வேலைக்கு ஆகாதா?'ன்னு சண்டைக்கு வராதீங்க. நைஜீரியாவுல ஒரு நாட்டு வைத்தியர் குடும்பத்து மருந்தை எடுத்து, அந்த நாட்டு அரசு ஆராய்ச்சி நிறுவனமே சோதிச்சுது. கிராம்பு, சோளம் உட்பட 4 தாவரங்கள். 82 பேர்கிட்ட ஒழுங்கா சோதனை பண்ணினதுல கடுமையான வலி வர்றது குறைஞ்சுது. ரத்தசோகை மட்டும் அப்படியே இருந்தது. 2006-ல விற்பனைக்கும் வந்தது. அப்புறம் தயாரிச்ச கம்பெனி திவாலாகி மருந்தும் நின்னுபோச்சு. சோதிச்சா தெரியும், அதான் பாயின்ட். உங்க ஊர் கஷாயத்தை இன்னும் யாரும் அப்படிச் சோதிக்கலை. உடனே மெஸ் சமையலறையில இருந்து கிராம்பைச் சுட்டுட்டு வந்து காய்ச்சாதீங்க, ப்ளீஸ்!

தினமும் இருக்கிற வலி

திடீர்னு தாக்குற வலி ஒரு ரகம். தோழி எழுதியிருக்கிற அந்த 'தினமும் இருந்துக்கிட்டே இருக்கிற' இடுப்பு வலி வேற ரகம். ஆறு மாசமா பெரும்பாலான நாள் வலி இருந்தா அதை நாள்பட்ட வலின்னு சொல்வாங்க. முதல் வேலை, இடுப்பை எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்துப் பார்க்கிறது. ரத்தம் போகாம தொடை எலும்போட தலைப்பகுதி செத்துப்போறது இந்த நோயில உண்டு. அதை ஒத்தடத்துல மூடி மறைச்சுட்டா நடையே போயிடும். எலும்பு சரியா இருந்தும் வலிக்குதுன்னா, வருஷக்கணக்கா அலாரம் அடிச்சு அடிச்சு நரம்பே அலாரமா மாறியிருக்கலாம். அப்பவும் அது நிஜ வலிதான். நடிப்பு இல்லை, வார்டன் மேடம்!

இந்த ரகத்துக்கு, அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2020-ல வெளியிட்ட வழிகாட்டியில, மனநல ஆலோசகர் கத்துக் கொடுக்கிற நடத்தைப் பயிற்சிகளைச் சேர்த்துக்கச் சொல்றாங்க. வலி வந்ததும் 'அவ்வளவுதான், செமஸ்டர் போச்சு'ன்னு ஓடுற மனசைப் பிடிச்சு நிறுத்தக் கத்துக்கிறது, நல்லா இருக்கிற நாள்ல எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செஞ்சுட்டு மறுநாள் விழாம இருக்க வேலையைப் பிரிச்சு வைக்கிறது, தூக்கத்தை ஒழுங்கு பண்ணுறது மாதிரி விஷயங்கள். அவசர வலிக்கு அதே வழிகாட்டி மசாஜ், யோகா, காதுல ஹெட்போன் மாட்டிக் கேட்கிற ரிலாக்ஸேஷன் எல்லாத்தையும் மருந்தோட சேர்த்துக்கலாம்னு சொல்லுது. ஆதாரம் ரொம்ப பலமா இல்லைங்கிறதையும் ஒளிக்காம சொல்லியிருக்காங்க. எனக்கு அந்த நேர்மை பிடிச்சிருக்கு.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் கொடுங்க. தினமும் ராத்திரி நாலே வரி: வலி பத்துக்கு எத்தனை, எவ்வளவு தண்ணி குடிச்சா, எவ்வளவு தூங்கினா, அன்னைக்கு என்ன நடந்துச்சு. ரெண்டு மாசத்துல அவளுக்கே ஒரு மேப் கிடைக்கும். கம்ப்யூட்டர் லேப் ஏசியில உட்கார்ந்த மறுநாள்தான் வலின்னு தெரிஞ்சா, தீர்வு ஒரு ஸ்வெட்டர்தானே! டாக்டரைப் பார்க்கப் போறப்பவும் 'எப்பவும் வலிக்குது சார்'னு சொல்றதைவிட நோட்டைக் காட்டுறது நல்லா வேலை செய்யும்.

ஆனா சில நேரம் ஒத்தடம், நோட்டு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு 108-க்கு ஃபோன் அடிக்கணும். காய்ச்சல் 101-ஐத் தாண்டினா, நெஞ்சுவலியோ மூச்சு வாங்குறதோ இருந்தா, ஒரு பக்கம் கை கால் இழுத்தாலோ பேச்சு குளறினாலோ, முகம் திடீர்னு வெளுத்துப்போனா, வழக்கமான வலி மாத்திரைக்கு வலி அடங்காட்டி... 'விடியட்டும்'னு சொல்லாதீங்க. போனதும் டூட்டி டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா 'சிக்கிள் செல்'லுன்னு சொல்லுங்க. அவளோட பழைய ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு ரெண்டையும் இப்பவே உங்க மொபைல்ல போட்டோ எடுத்து வச்சுடுங்க. அந்த நேரத்துல அவளால பேச முடியாது.

வார்டனுக்கும் ஒரு வரி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கிற 21 வகையில சிக்கிள் செல் நோயும் ஒண்ணு. சான்றிதழ் வாங்கி வச்சா அட்டெண்டன்ஸ், எக்ஸாம்னு கேட்கும்போது கெஞ்ச வேண்டியதில்லை, உரிமையோட கேட்கலாம். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள்ல 40 சதவீதமோ அதுக்கு மேலயோ பாதிப்புன்னு சான்று இருக்கிறவங்களுக்குக் குறைஞ்சது 5 சதவீத இடஒதுக்கீடும் அந்தச் சட்டத்துல இருக்கு. பி.ஜி. சேரும்போது உதவும். விண்ணப்பம் எழுத ரூம்மேட் கூட உட்காருங்க. ஃபர்ஸ்ட் மார்க் வாங்குற பொண்ணுன்னாலும் அரசாங்க ஃபாரம்னா எல்லாருக்குமே ஜுரம்தான்.

சரி, கடைசிக் கேள்வி. 'அடுத்த மாசம் கிளாஸ்ல எல்லாரும் முட்டுக்காடு போட்டிங் போறோம். அவளைக் கூட்டிட்டுப் போகலாமா, இல்ல விட்டுட்டுப் போயிடலாமா?'

விட்டுட்டுப் போறதா? கொன்னுடுவேன்! முதல்ல அவகிட்ட கேளுங்க. வர்றேன்னா படகுல ஏறட்டும். உச்சி வெயில் வேண்டாம், காலையிலயே கிளம்புங்க. தண்ணி பாட்டில் ரெண்டு, ஒரு ஷால், அவ மாத்திரை, இதெல்லாம் உங்க பையில இருக்கட்டும். பக்கத்துல நீச்சல்குளம் இருந்து எல்லாரும் குதிச்சா, நீங்க ரெண்டு பேரும் கரையில உட்கார்ந்து மாங்கா பத்தை சாப்பிடுங்க. ஜில்லுனு தண்ணியில திடீர்னு இறங்குறது அவளுக்கு ஆகாது. திரும்பி வர்றது ஏசி பஸ்ஸா இருந்தா, அந்தக் காத்து நேரா முகத்துல அடிக்கிற சீட்டை நீங்க எடுத்துக்கங்க.

போட்டோ அனுப்ப மறக்காதீங்க. அடுத்த வாரம் முகப்பரு!